உன் அம்மாவுக்கு ரசம் வைக்கத் தெரியாது

தம்பி,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. போன வாரப் பத்திரிகையில் உன் படம் பார்த்தேன். கன்னம் உப்பி, கதர் ஜிப்பா போட்டு, மடியில் ஒரு மண்சட்டியை வைத்துக்கொண்டு சிரிக்கிறாய். சௌக்கியத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அது எங்கள் வீட்டில் தலைமுறையாகப் புழங்கிய சட்டி என்று நீ சொன்னதாகப் படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். நம் வீட்டில் மண்சட்டி இருந்ததே இல்லை. இருந்ததெல்லாம் அலுமினியக் குண்டானும், ஒரு இரும்புச் சட்டியும், கைப்பிடி ஆடுகிற குக்கரும்தான். அந்தக் குக்கரை மடியில் வைத்துப் படம் எடுத்திருந்தால் உன் புத்தகம் விற்றிருக்காது என்று உனக்குத் தெரியும். உனக்கு எது விற்கும் என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஊரறிய அச்சடித்த பொய்க்கு ஒட்டிய உறைக்குள் பதில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் உன் படம் வந்த அதே பத்திரிகைக்கு அனுப்புகிறேன். போடுவார்களோ மாட்டார்களோ. போட்டால் நீ தலைகுனிய வேண்டியிருக்கும் என்று யோசித்தேன். கொஞ்சம் குனியட்டும் என்றும் யோசித்தேன்.

நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். ஒரத்தநாட்டில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, ஒரு பெஞ்ச், பிற்பாடு ஒரு கம்ப்யூட்டர். இன்னார் நிலத்தை இன்னாருக்கு விற்கிறார் என்பதில் இனிஷியல் ஒன்று பிசகினாலும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதியிருக்கிறேன். ஒருவர் இடத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்திக் கையெழுத்து வாங்குவதற்கு எங்கள் தொழிலில் ஆள்மாறாட்டம் என்று பெயர். உன் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு நான் மேசை மேல் வைத்தபோது எனக்கு வந்த வார்த்தை அதுதான். நான் சமைத்ததையெல்லாம் உன் அம்மா பெயருக்கு எழுதியிருக்கிறாய். அதில் என் பெயர் போனது பெரிய விஷயமில்லை. எழுதி வாங்கிக்கொள்ள அவள் சம்மதிக்கவே இல்லையே, அதுதான் விஷயம். அவளிடம் நீ கேட்கக்கூட இல்லை.

படிக்கிறவர்களுக்கு நடந்தது தெரிய வேண்டும். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். படித்து மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் உன் அம்மாதான். தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை, மதியம், இரவு என்று வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். நீ முன்னுரையில், எங்கள் குடும்பத்தின் நூற்றாண்டுச் சுவை என்று எழுதியிருக்கிறாய். எங்கள் வீடுகளில் ஒருவேளைதான் உலை கொதிக்கும். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். தொட்டுக்கொள்ள உப்பும் பச்சைமிளகாயும். வாய்க்காலில் நண்டு கிடைத்த நாள் பண்டிகை. அந்தச் சாப்பாட்டிலிருந்து தப்பித்து வரத்தான் உன் அம்மா படித்தாள். அதை நீ நூற்றாண்டுச் சுவை என்கிறாய். பசியைச் சுவை என்று எழுத, வயிறு நிறையச் சாப்பிட்டு வளர்ந்த ஒருவனால்தான் முடியும்.

கல்யாணமான புதிதில் நான் கிளப்புக் கடையில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். ஒருநாள் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில், அவளுக்கு ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருந்தபோது, பிளாட்பாரத்தில் விரித்திருந்த புத்தகங்களில் ஒரு சமையல் புத்தகம் வாங்கினேன். பழுப்புக் காகிதம். எழுதியவர் பெயரே கிடையாது. குழம்பு என்றால் குழம்பு, பொரியல் என்றால் பொரியல். மறுநாள் அதைப் பார்த்துப் புளிக்குழம்பு வைத்தேன். மிளகாய்த்தூள் மூன்று மே.க. என்று போட்டிருந்தது. மேசைக்கரண்டி என்று எனக்குத் தெரியாது. குழம்பு ஊற்றுகிற கரண்டியால் மூன்று போட்டேன். உன் அம்மா நைட் டூட்டி முடித்து வந்து ஒரு வாய் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நம் வீட்டு அடுப்பை அவள் பற்றவைத்தது பால் காய்ச்சவும் வெந்நீர் போடவும்தான்.

அதற்கப்புறம் எனக்குப் புத்தகப் பைத்தியம் பிடித்தது. வார இதழோடு வருகிற இணைப்புகளைச் சேர்த்தேன். காலண்டரின் பின்பக்கக் குறிப்புகளைக் கிழித்து வைத்தேன். பத்திரம் எழுத வருகிற பெண்களிடம் வேலை முடிந்ததும் குறிப்புக் கேட்பேன். அவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு விளக்கமாகச் சொல்வார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால், என்ன அண்ணே இன்னைக்கு என்ன குழம்பு என்று கேலி செய்வார்கள். நான் நிஜமாகவே என்ன குழம்பு என்று சொல்லி, எப்படி வைத்தேன் என்றும் சொல்வேன். கொஞ்ச நாளில் கேலி நின்றுவிட்டது. இரண்டு பேர் ரகசியமாக வந்து முட்டைக்கோஸ் வாடை போக என்ன செய்வது என்று கேட்டுப் போனார்கள்.

இன்றுவரை எனக்குப் பிடித்த சமையல் புத்தகம் எது தெரியுமா? குக்கர் வாங்கியபோது பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகம். அதன் முதல் வாக்கியம், மூடியின் ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கவும் என்பது. சொல்ல வேண்டியதை அது சொல்கிறது. எத்தனை பேருக்கு ஆகும், எத்தனை விசில், தண்ணீர் எவ்வளவு, முடிந்தது. அதை எழுதிய ஆளுக்குத் தன் பால்ய காலத்தைப் பற்றி நம்மிடம் சொல்ல ஆசையில்லை. மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை நேரம் என்று ஆரம்பித்து நான்காம் பத்தியில் வெங்காயத்துக்கு வருகிற ஆள் இல்லை. நீ அப்படிப்பட்ட ஆள். உன் புத்தகத்தில் வெந்தயக் குழம்புக்கு இரண்டு பக்கம் முன்கதை. அளவு வரும் இடத்தில் மட்டும் கைப்பக்குவம் என்று எழுதித் தப்பித்துக்கொண்டாய். உப்பு தேவையான அளவு, புளி தேவையான அளவு, காரம் அவரவர் விருப்பம். அளவு தெரியாமல்தானே ஒருவன் புத்தகத்தை விரிக்கிறான்? அவனிடம் போய்த் தேவையான அளவு என்கிறவன், வழி கேட்டவனிடம் போக வேண்டிய இடத்துக்குப் போ என்று சொல்கிறவன்.

என் மேசையில் பெரிய புத்தகங்களும் இருந்தன. வழவழ காகிதம், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம், தூக்கினால் கை வலிக்கும். அவற்றில் எதையும் ஒரு மாதச் சம்பளக்கார வீட்டில் தொடர்ந்து சமைக்க முடியாது. முந்திரியை அரைத்து ஊற்றினால் எந்தக் குருமாவும் நன்றாகத்தான் இருக்கும். அதைச் சொல்ல ஒரு புத்தகம் எதற்கு? பொட்டுக்கடலையும் கொஞ்சம் சோம்பும் அரைத்து ஊற்றி அதே குருமாவைக் கெட்டியாக்கலாம் என்று ஒரு இணைப்புப் புத்தகத்தில் படித்த நாள், நான் எழுந்துபோய் இன்னொரு டீ குடித்துவிட்டு வந்தேன். துவரம்பருப்பு விலை ஏறியபோது ரேஷனில் கனடா பருப்பு போட்டார்கள். அது லேசில் குழையாது. முதல் நாளே ஊறவைத்து, வேகும்போது கொஞ்சம் பரங்கிக்காயைக் கூடப் போட்டால் சாம்பாருக்கு வேண்டிய கொழகொழப்பு வந்துவிடும். கீரைத்தண்டு, வாழைத்தண்டு, காலிஃபிளவரின் தண்டு எதையும் எறிந்ததில்லை. ரேஷன் பாமாயிலைக் காய்ச்சி ஒரு துண்டு இஞ்சியைப் பொரித்து எடுத்துவிட்டால் வாடை தெரியாது. இவை எல்லாம் குறைந்த செலவில் மூன்று வேளை சாப்பிட நினைக்கிற வீட்டுக்கான குறிப்புகள். இவற்றைத்தான் உனக்கு அனுப்பினேன்.

ஆமாம், நான்தான் அனுப்பினேன். சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன், விளம்பரக் கம்பெனிச் சம்பளம் ஹோட்டலுக்கே போகிறது, சிக்கனமாக நாலு குறிப்பு அனுப்புங்க அப்பா என்று கேட்டாய். பையன் சமைக்கக் கிளம்பிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். தினம் காலையில் வேலைக்குப் போகுமுன் செல்போனில் ஒன்றிரண்டு டைப் செய்து அனுப்புவேன். நீயும் பதிலுக்குக் கும்பிடு போட்ட கைப்படம் அனுப்புவாய். அது நன்றி என்று நினைத்தேன். நீ ஒரு நாள்கூட அடுப்பு பற்றவைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

புத்தகம் வந்தது. தலைப்பை இங்கே எழுதக் கை கூசுகிறது. அதில் அம்மாவும் இருக்கிறாள், அடுப்பும் இருக்கிறது, மணமும் இருக்கிறது. பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கனடா பருப்பு இருந்த இடத்தில் நாட்டுத் துவரை. பாமாயில் இருந்த இடத்தில் மரச்செக்கு நல்லெண்ணெய். ரேஷன் அரிசி இட்லி, மாப்பிள்ளைச் சம்பா இட்லி ஆகிவிட்டது. அட்டையில் குறைந்த செலவில் நிறைந்த சுவை என்று ஒரு வரி. தம்பி, நீ எழுதியிருக்கிற சாம்பாரை ஒரு மாதம் வைத்தால் நம் தெருவில் பாதி வீடு கடன் வாங்க வேண்டியிருக்கும். ஏழைச் சாப்பாடு பார்க்க அழகாக இருக்க வேண்டும், ஆனால் ஏழை வாங்குகிற எதுவும் அதில் இருக்கக் கூடாது. உன் கம்பெனியில் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பீர்கள்.

உன் அம்மா அட்டையைத்தான் வெகு நேரம் பார்த்தாள். அம்மியில் ஒரு பெண்ணின் கை மசாலா அரைக்கிறது. கை நிறையக் கண்ணாடி வளையல், விரலில் மருதாணி. இது யார் கை என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். வேலை நேரத்தில் நர்ஸ்கள் வளையல் போடக் கூடாது. உன் அம்மா கையில் நீ பிறந்ததிலிருந்து ஒரு வாட்ச் மட்டும்தான் உண்டு. அடுத்து முன்னுரையைப் படித்தாள். அம்மா எவ்வளவு களைத்து வந்தாலும் முகத்தில் சிரிப்பு மாறாமல் அடுப்பின் முன் நிற்பாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி வந்ததும் மூடி வைத்துவிட்டாள். அவள் எந்த அடுப்பின் முன்னாலும் சிரித்துக்கொண்டு நின்றதில்லை. பிரசவ வார்டில் இரவு முழுக்க நின்றுவிட்டு வந்து, செருப்பைக் கழற்றி, நான் வைத்ததைச் சாப்பிட்டு, தூங்கினாள். அவளுக்கு அது தேவைப்பட்டது. அவளுடைய வேலையைப் பற்றி உன் புத்தகம் முழுக்கத் தேடினேன். ஒரு வரி இல்லை. எதில் களைத்து வந்தாள் என்றுகூடச் சொல்லவில்லை.

வெளியீட்டு விழாவுக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். நீ போனில் கெஞ்சினாய். பிள்ளை முகம் வாடக் கூடாது என்று லீவு போட்டு வந்தாள். தஞ்சாவூரில் குளிர்சாதன ஹால். மேடைக்கு நடுவே சாணி மெழுகிய மாதிரி பெயின்ட் அடித்த ஒரு பொய் அடுப்பு. அவளைப் பட்டுப் புடவையில் வரச் சொல்லி, கையில் ஒரு பித்தளைக் கரண்டியைக் கொடுத்து நிறுத்தினாய். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நிகழ்ச்சியைத் தொகுத்துக்கொண்டிருந்த பெண், அம்மா, உங்க ரசத்தோட ரகசியத்தை எங்களுக்கும் சொல்லுங்க என்று மைக்கை நீட்டினாள். உன் அம்மா மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“எனக்கு ரசம் வைக்கத் தெரியாதும்மா. ஊசி போடத் தெரியும்,” என்றாள். “எங்க வீட்ல சமைக்கிறது இவன் அப்பா. அதோ, பின்னாடி உட்கார்ந்திருக்காரு.”

யாராவது ஒருவராவது திரும்பிப் பார்த்தார்களா? ஹால் முழுக்கச் சிரித்தது. நீ அவள் தோளில் கை போட்டு, அம்மாவுக்கு எப்பவுமே தன்னடக்கம் ஜாஸ்தி என்றாய். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. தன் வாயால் உண்மையைச் சொன்ன ஒரு மனுஷியை, அவள் பெற்ற பிள்ளையே ஊமையாக்கியதை அன்றைக்குப் பார்த்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள்.  ஒரத்தநாட்டில் இறங்கும்போது, எத்தனை வருஷமா வேலை பார்த்தேன், அது ஒண்ணுமே இல்லையா என்று மட்டும் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. பொதுவாகக் கேட்டாள்.

இதோடு போயிருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு, நீ தீபாவளிக்கு வந்ததும் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் உன் புத்தகத்தை ஒருத்தி நம்பிவிட்டாள். உனக்கு நிச்சயம் செய்திருக்கிற திவ்யா. கால்நடை மருத்துவம் படித்து, குத்தாலத்துப் பக்கம் வேலை பார்க்கிற பெண். எந்த வீட்டில் எப்போது மாடு கன்று போடத் திணறும் என்று தெரியாது. விடிவதற்கு முன்பே போன் வரும், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வயல்வெளி வழியே போவாள். அவளுக்கு நீ ஒரு பிரதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாய். உன் அம்மா நர்ஸ் என்று நிச்சயத்தின்போதே அறிந்த அவளுடைய வீட்டில் அதைப் படித்துவிட்டு, உன் மாமியார் மூணு ஷிஃப்ட் பார்த்துக்கிட்டே இத்தனையும் செஞ்சிருக்காங்க, உனக்கு என்ன கேடு என்று ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தப் பெண் வேலைக்குப் போகுமுன் எழுந்து உன் புத்தகத்தை வைத்துச் சமைக்கப் பழகியிருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. வற்றல் குழம்புக்கு எண்ணெய் எவ்வளவு என்று உன் புத்தகத்தில் இல்லையாம். நிறைய ஊற்றி, காய்ந்ததும் ஈர வற்றலைப் போட்டிருக்கிறாள். மணிக்கட்டில் தெறித்துவிட்டது. அதை ஒரு விஷயமாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவள் கேட்க வந்தது வேறு. வேலைக்கும் போய்க்கொண்டு இத்தனை வருஷம் எப்படி அத்தை சமாளித்தீர்கள், எனக்கு ஒரு மாதத்திலேயே முடியவில்லையே என்று கேட்டாள். 

“முதல்ல கையைச் சொல்லும்மா,” என்றாள் உன் அம்மா. “கொப்புளம் இருக்கா? உடைச்சு விட்டுடாத. மாட்டைத் தொடுற கை, மூடி வை.”

அந்தப் பெண் சரி என்றது.

“இப்ப நான் சொல்றதைக் கேளு. நான் சமைச்சதே இல்ல. ஒரு நாளும் இல்ல. புத்தகத்துல இருக்கறது பொய்.”

 திவ்யா, அப்ப அந்தக் குறிப்பெல்லாம் யாருடையது என்று கேட்டாள். உன் அம்மா போனை என்னிடம் கொடுத்தாள். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், இந்தக் கடிதத்தில் சொன்ன மாதிரியே. முழுக்கக் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அவருக்குச் சமைக்கத் தெரியுமா மாமா?”

தெரியாது என்றேன். சமையல் புத்தகம் எழுதிய ஒருவனைப் பற்றி அவனுடைய அப்பன் சொல்ல வேண்டியிருந்த பதில் அது.

அடுத்த சனிக்கிழமை நீ ஓடி வந்தாய். உன் புத்தகத்துக்காகக்கூட நீ அவ்வளவு வேகமாக வந்ததில்லை. நான் வைத்த மீன்குழம்பை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு, ஏன்ப்பா அவகிட்டப் போய்ச் சொன்னீங்க என்று கேட்டாய். சொன்னது தப்பா, எழுதியது தப்பா என்று நான் திருப்பிக் கேட்டேன். அப்போது நீ சொன்னதை நான் மறக்கப் போவதில்லை. “அம்மா சமையல்னு போட்டாதான்ப்பா விக்கும். அப்பா சமையல்னு போட்டா ஜோக் புத்தகம்னு நினைப்பாங்க.” அடுத்த பதிப்பில் நன்றி என்று போட்டு என் பெயரைச் சேர்த்துவிடுவதாகவும் சொன்னாய். என்னவோ நான் ஒரு வரி நன்றிக்காகக் கோபித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

உன் அம்மா அதுவரை கட்டிலில் உட்கார்ந்து யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

“நான் வேலைக்குப் போனது உனக்கு வெக்கமா இருந்துச்சாடா?”

இல்லவே இல்லை அம்மா என்றாய்.

“அப்பறம் ஏன் அதை எழுதல?”

நீ செருப்பைப் பார்த்தாய், சுவரைப் பார்த்தாய், உன் செல்போனைப் பார்த்தாய். வார்த்தைகளை விற்றுச் சம்பளம் வாங்குகிற நீ, நேரமாகிவிட்டது என்றாய். மதிய பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். போகும்போது, வழக்கம்போல, வழியில் சாப்பிட ஏதாவது கட்டிக் கொடுங்கப்பா என்றாய். கட்டிக் கொடுத்தேன். அதற்காக என் மேல் எனக்கே கொஞ்சம் இளக்காரம்தான்.

போன வாரம் திவ்யா பஸ் பிடித்து நம் வீட்டுக்கு வந்தாள். மணிக்கட்டில் தழும்பு ஆறியிருந்தது. உன் அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காரச் சொன்னாள். உன்னிடம் பேசியதை எல்லாம் திவ்யா சொன்னாள். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லையாம். கல்யாணத்துக்குப் பிறகு நம் வீட்டில் காலையில் யார் குழம்பு வைப்பது என்று மட்டும் கேட்டாளாம். நீ கொஞ்சமும் யோசிக்காமல், சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றாயாம். ஆள் வைக்கட்டும், தப்பில்லை, அவருடைய சம்பளத்தில் வைக்கட்டும் மாமா, ஆனா குறைந்த செலவில் வீட்டுச் சமையல்னு புத்தகம் போட்ட மனுஷன் ஒரு நாள்கூட நான் செய்றேன்னு சொல்லலையே என்றாள். கல்யாணத் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லித் தன் வீட்டில் சொல்லிவிட்டாள். தள்ளித்தான் வைத்திருக்கிறாள், நிறுத்தவில்லை. அந்த வித்தியாசத்தை நீ புரிந்துகொண்டால் பிழைத்தாய்.

கிளம்பும்போது என் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழுப்பேறிய இணைப்புகளைப் புரட்டினாள். எடுத்துப் போகிறாயா அம்மா என்று கேட்டேன். வேண்டாம் மாமா, இது எனக்கு இல்ல என்று சொல்லி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

உனக்குப் புத்தி சொல்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நீ அதையும் ஒரு முன்னுரையாக்கிவிடுவாய். ஆகவே நடக்கப் போவதை மட்டும் சொல்கிறேன். இந்த மாதக் கடைசியோடு உன் அம்மா பணி ஓய்வு பெறுகிறாள். ஆஸ்பத்திரியில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, படம் எடுத்து அனுப்புவார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு, தன்னோடு வேலை பார்த்தவர்களை எல்லாம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். திவ்யாவும் வருகிறாள். யார் சமைப்பது என்று உன் அம்மா என்னைக் கேட்டாள். நான் உன் பெயரைச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்தா சமைக்கட்டும், வராட்டி எல்லாருக்கும் பன்னும் டீயும் கொடுத்து உள்ளதைச் சொல்லி அனுப்புறேன் என்றாள். செய்வாள். உனக்கு அவளைத் தெரியாது, எனக்குத் தெரியும்.

நான் உதவிக்கு வரமாட்டேன். கூடத்தில் சட்டை போட்டுக்கொண்டு விருந்தாளிகளோடு உட்கார்ந்திருப்பேன். எனக்கு யாரும் பக்கத்தில் நின்று சொல்லித் தரவில்லை. அலமாரியில் இருப்பதைப் பிரித்துப் படித்துச் செய். மளிகை இருக்கிறது, ரேஷன் எண்ணெய் இருக்கிறது. காய் மட்டும் அன்றைக்குக் காலையில் நீ வாங்க வேண்டும். சந்தையில் எட்டு மணிக்கு மேல் வாடியதுதான் கிடைக்கும். குழம்பு காரமாகிவிட்டால் பயப்படாதே. நர்ஸ்கள் நல்லவர்கள், ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் கேட்பார்கள். எழுந்துபோய் நீயே மொண்டு கொடு.

அப்பா